மாடிப்படிக்குக் கீழே ஒரு வாளி பியர்

வீட்டில் பியர் காய்ச்சிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். நான் கடைகளுக்குக் குளிர்பெட்டி திருத்துகிறவன். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ இல்ஃபோர்டிலோ ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில், மீன் பெட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்து பக்கத்தில் குந்துவார். "அண்ணை, நீங்கள் வீட்டிலயே பியர் போடுறியளாம். கஷ்டமே?" என்பார். கஷ்டமில்லை என்பேன். சமைத்துப் பழகியவருக்கு அதுவும் ஒரு சமையல்தான். பாதிக்கு மேல் கழுவுகிற வேலை. வாளி, மூடி, குழாய், கரண்டி எல்லாவற்றையும் கழுவ வேண்டும். கழுவியதைக் கிருமி கொல்லும் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அதற்குப் பிறகு கண்டதையும் உள்ளே விடக்கூடாது. அவர்கள் தலையாட்டிவிட்டு, எப்போது குடிக்கலாம் என்று கேட்பார்கள். புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் அதுதான் கேள்வி. எனக்கும் அதுதான் கேள்வியாக இருந்தது.

என் முதல் வாளியில் நடந்ததை நான் கடைகளில் சொல்வதில்லை. மீன் பெட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை அல்ல அது.

நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தது மகளின் படிப்புக்காக. வந்த சில வருடங்களில் அவள் படிப்பு அவளை வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நானும் மனைவியும் மனோர் பார்க்கில் மிஞ்சினோம். மனைவிக்கு விமான நிலையத்துக் கடையொன்றில் வேலை. எலிசபெத் லைன் ரயிலில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். அதற்காகவே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். கோயிலும் கிட்டத்தான். வரிசை வீடு. எங்கள் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்று. வீட்டைக் காட்டிய ஏஜென்டிடம் முன்பு யார் இருந்தது என்று கேட்டேன். தனியாக ஒரு வயதானவர் இருந்தார், இப்போது போய்விட்டார் என்றார். தமிழில் போலவே ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நான் சுலபமான பொருளை எடுத்துக்கொண்டேன்.

வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் மணம். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியை மட்டும் பெயின்ட்காரர்கள் தொடவில்லை. கதவைத் திறந்தால் வேறொரு மணம் வந்தது. ஈரமான மரம், பழைய பாண் ரொட்டி, அழுகத் தொடங்கிய ஆப்பிள் எல்லாம் சேர்ந்ததுபோல் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சுவரில் ஓர் ஆணி, அதில் தொங்கும் நீளமான மரத் துடுப்பு, அவ்வளவுதான். அதன் பாதி கறுத்துப்போயிருந்தது. அரிசி மூட்டையை அங்கே வைக்கலாம் என்றேன்.

மனைவி உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தாள். "சாப்பாட்டுச் சாமான் இதுக்குள்ள வைக்கேலாது. ஆரோ இவ்வளவு நேரமும் உள்ளுக்கு இருந்திட்டு இப்பதான் எழும்பிப் போனமாதிரி மணக்குது."

அலுமாரி வெறுமையாகவே கிடந்தது.

ஜெர்மனியில் என்னோடு வேலை செய்த ஒருவர் தன் கராஜில் பியர் காய்ச்சுவார். வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு ஊற்றித் தருவார். மகள் போன பிறகு வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. எனக்கு ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பியர் காய்ச்சும் சாமான் விற்கும் சிறிய கடையொன்று உண்டு. அங்கே போய்த் தொடங்குகிறவர்களுக்கான பெட்டியை வாங்கி வந்தேன். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளி, தகரத்தில் அடைத்த மால்ட் என்கிற முளைப்பார்லிப் பாகு, கசப்புக்குக் கொஞ்சம் ஹாப்ஸ் பூ, நொதிக்கவைக்க ஒரு பாக்கெட் ஈஸ்ட். மூடியில் செருகுவதற்கு ஏர்லாக் என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் குமிழ். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். உள்ளே நொதிக்கும்போது வருகிற காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது.

"கோயிலுக்குக் கிட்ட வீடு எடுத்துக்கொண்டு உள்ளுக்கு இருந்து குடி காய்ச்சப் போறியளோ?" என்றாள் மனைவி. ஆனால் பெரிய பானையை எடுத்துத் தந்ததும் அவள்தான்.

ஒரு சனிக்கிழமை காலை காய்ச்சினேன். பாகைக் கொதிநீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டு வேகவிட்டேன். கரும்புச் சாற்றில் வேப்பிலை போட்டதுபோல் வீடெல்லாம் மணந்தது. பிறகு பானையைத் தொட்டித் தண்ணீரில் வைத்து ஆற்றி, வாளியில் ஊற்றினேன். இந்த இடத்தில்தான் புதியவர்கள் தவறுவார்கள், நானும் தவறினேன். ஈஸ்ட் என்பது உயிர். வெதுவெதுப்பான தண்ணீரில்தான் அதை எழுப்ப வேண்டும். கைக்குழந்தையைக் குளிக்க வார்க்கும் சூட்டுக்கு மேல் போகக்கூடாது. நான் கெட்டிலில் இருந்த சூட்டோடு ஊற்றிவிட்டேன். முழுப் பாக்கெட்டையும் கிண்ணத்தில் கொட்டிக் கலக்கினேன். நுரை வரவில்லை. அடியில் சேறுபோல் படிந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதில் ஒரு கரண்டி எடுத்துச் சீனித் தண்ணீர் விட்ட கிளாஸில் கலந்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, மீதியை வாளியில் ஊற்றினேன்.

அடுத்த தவறு கலக்கும்போது. பெட்டியில் வந்த கரண்டி வாளியின் அடி வரை எட்டவில்லை. அலுமாரியில் தொங்கிய மரத் துடுப்பு ஞாபகம் வந்தது. சுடுதண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு அதைக்கொண்டு நன்றாகக் கலக்கினேன். ஆறிய பாகுக்குள் மரத்தை விடக்கூடாது என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. மூடியை அழுத்தி, ஏர்லாக்கைச் செருகி, வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே நடுச்சுவரோடு ஒட்டி வைத்தேன். வீட்டில் வெயில் படாத இடம் அது ஒன்றுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு முழுக்க ஏர்லாக்கில் தண்ணீர் அசையாமல் நின்றது. திங்களும் அப்படித்தான். ஜன்னலோரக் கிளாஸிலும் ஒரு குமிழ்கூட இல்லை; வெறும் கலங்கல். ஈஸ்ட் செத்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தது. வேலைக்குப் போகிற வழியில் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் வயதில் என்னைவிட இளையவர், பொறுமையானவர். சூட்டைக் கேட்டதும் சிரித்துவிட்டார். புதுப் பாக்கெட் ஒன்று எடுத்துவைக்கிறேன், வார இறுதியில் வாருங்கள் என்றார்.

அதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பிடுவதற்காக வீட்டுக்கு வந்திருந்தேன். மனைவிக்கு அன்று லீவு. நான் உள்ளே நுழைந்ததும் அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஒருத்தரையும் கூட்டி வரேல்லையே."

"அப்ப ஆர் செருமினது?"

இரண்டு பேரும் காது கொடுத்தோம். கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படிப் பக்கமிருந்து கேட்டது. தொண்டையில் சளி கட்டிய ஒருவர் வாயைத் திறக்காமல் செருமுவதுபோல் ஒரு சத்தம். பிறகு அமைதி. போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் கேட்டது.

அலுமாரிக் கதவைத் திறந்தேன். ஏர்லாக்கின் தண்ணீர் மெல்ல மேலே ஏறியது, நின்றது, உடைந்தது. வாளியின் மூடி வயிறுபோல் உப்பியிருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானே கொன்ற ஒன்று மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஈஸ்ட் செத்துப்போச்சு எண்டியள்," என்றாள் மனைவி என் பின்னால் நின்று.

"செத்துத்தான் போச்சு. கிளாஸைப் பாரும்."

"அப்ப உது என்ன?"

நான் கதவை மெல்லச் சாத்தினேன்.

அடுத்த நாள் சத்தம் அடிக்கடி கேட்கத் தொடங்கிவிட்டது. அதற்கு அடுத்த நாள் நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் பக்கத்து வீட்டு அம்மா.

அவரை அதுவரை வாசலில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. கரீபியன் தீவொன்றிலிருந்து சின்ன வயதில் வந்தவர். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரமான, நிமிர்ந்த பெண். அன்று அவர் எங்கள் வாசல்படியில் நிற்கவில்லை. மணியை அடித்துவிட்டுப் பின்வாங்கி நடைபாதைக்கே போய்விட்டிருந்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். என்னைப் பார்க்காமல் மேல் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்கள் வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா, டார்லிங்?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"மாடிப்படிக்குக் கீழே?"

"ஒரு வாளி இருக்கிறது," என்றேன். "பியர் போட்டிருக்கிறேன். நொதிக்கிற சத்தம் அது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வர மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நடைபாதையில் நின்றபடியே சொன்னார். பஸ்கள் போகிற சத்தத்துக்கு நடுவே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் இருந்த மனிதர் பல வருடங்களாகப் பியர் காய்ச்சியவர். அதே அலுமாரியில்தான் வாளியை வைப்பார். இந்த அம்மாவின் நாற்காலி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பழைய காலத்து ஒற்றைச் செங்கல் சுவர். டிவியை நிறுத்தினால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது என்றார். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சின் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் மனதுக்கு ஒரு தெம்பு. அப்படித்தான் இதுவும். அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒரு போத்தலை இவர் வாசலில் வைத்துவிட்டுப் போவார். மற்றபடி சத்தம்தான். சத்தம் கேட்டால் மனிதர் இருக்கிறார், நலமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

"ஒரு குளிர்காலத்தில் அவரை நான் பார்க்கவே இல்லை," என்றார். "குப்பைத் தொட்டி வெளியே வரவில்லை. தபால் கதவில் செருகியபடியே நின்றது. போய்த் தட்டலாமா என்று நினைத்தேன். அப்போது சுவரில் கேட்டது. குளுக். சரி, உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் கேட்டது. தினமும் கேட்டது."

அவர் நிறுத்தினார். எங்கள் கதவைக் கையால் காட்டினார்.

"போலீஸ் வந்து கதவை உடைத்தபோதுகூட நான் ஓடிவந்து அவர்களிடம் கத்தினேன். என்ன செய்கிறீர்கள், அவர் வீட்டில்தானே இருக்கிறார், இப்போதுகூடச் சத்தம் கேட்டதே என்று. ஒரு வாரத்துக்கு மேலாக அவர் சமையலறைத் தரையில் கிடந்திருக்கிறார், டார்லிங். அது மட்டும் நடந்துகொண்டே இருந்திருக்கிறது."

பஸ் சத்தம் ஓய்ந்த இடைவெளியில், எனக்குப் பின்னால், திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து, ஏர்லாக் செருமியது. இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மனைவி வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்று தரையையே பார்த்தாள்.

"எந்த இடமாம்?"

"கேக்கேல்லை."

"இதிலதானே நான் ஒவ்வொரு நாளும் நிண்டு சமைக்கிறன்." அலுமாரிப் பக்கம் கையை நீட்டினாள். "உதை முதல்ல கொண்டுபோய் ஊத்துங்கோ. இந்த வீட்டில உந்தச் சத்தம் இனிமேல் கேக்கக்கூடாது."

மறுத்துப் பேச எனக்கும் மனமில்லை. மறுநாள் காலை வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். சமையலறைச் சுவரோடு கழிவுநீர்க் கிராதி இருந்தது. மனைவி மஞ்சள் தண்ணீர்ப் பாத்திரத்தோடு பின்னால் வந்தாள். வாளியைக் கீழே வைத்து மூடியின் ஓரத்தை நெம்பினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வேண்டாம். தயவுசெய்து ஊற்றாதீர்கள்."

பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட வந்திருந்தார். கையில் ஈரத் துவாயோடு வேலி ஓரத்துக்கு வந்தார்.

"வீட்டைத் துப்புரவாக்க வந்தவர்களும் அங்கேதான் ஊற்றினார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அதே கிராதியில். நான் என் நாற்காலியில் இருந்தேன். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு சட்டென்று இல்லை. அந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது." மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "அது தானாக நிற்பதை நான் கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை."

மனைவிக்கு ஆங்கிலம் ஜெர்மன் அளவுக்கு ஓடாது. ஆனால் அன்று அவளுக்கு எல்லாம் விளங்கியது. மஞ்சள் தண்ணீரைக் கீழே வைத்தாள். வேலிக்கு மேலால் கையை நீட்டி அந்த அம்மாவின் கையில் இருந்த ஈரத் துவாயை வாங்கிக்கொண்டாள். எதற்காக வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது என்று பிறகு சொன்னாள்.

"கொண்டுபோய் வையுங்கோ," என்றாள் என்னிடம். "இருந்த இடத்திலயே வையுங்கோ. முடியட்டும்."

அன்று பிற்பகல் பக்கத்து வீட்டு அம்மா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். அந்தச் சத்தத்தை அத்தனை வருடம் கேட்டவர், அதை எழுப்புகிற பொருளைப் பார்த்ததே இல்லை. அலுமாரிக் கதவைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். விரல் நீளத்துக்கு இருந்த பிளாஸ்டிக் குமிழைச் சுட்டிக் காட்டி, "இதுவா?" என்றார். ஆம் என்றேன். தண்ணீர் ஏறி உடைவதைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் அப்படியே வைத்திருந்தார்.

"சூடாக இருக்கிறது," என்றார்.

நொதிக்கும்போது சூடு வரும். அது சாதாரணம். ஆனாலும் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த வாரம் வீட்டில் யாரும் இயல்பாக இல்லை. மனைவி சாமி விளக்கை வழக்கத்தைவிட முன்னதாகவே ஏற்றினாள். ரேடியோவை எப்போதும் ஓடவிட்டாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அது கேட்கும்போது கரண்டியோடு அப்படியே நிற்பாள். மத்தியானங்களில் பக்கத்து வீட்டு அம்மா வருவார். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்காருவார். நாங்கள் தேநீர் கொடுப்போம். நாங்கள் மூன்று பேரும் நோயாளியின் அறையில் இருப்பதுபோல் இருப்போம். சத்தத்துக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் மனைவி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிறகு தூரத்தில் யாரோ விழுங்குவதுபோல் ஒன்று கேட்கும்.

ஒரு நாள் தேநீர் ஆறும் வரை கேட்கவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகும் கேட்கவில்லை. குமிழுக்குள் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"இவ்வளவுதான்," என்றேன்.

அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதற்கு முன் அதைக் கேட்டதே இல்லை. எங்கள் சத்தம் அங்கே கேட்டதுபோல அவர் சத்தமும் இங்கே கேட்டிருக்கும். நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இறந்தவரைப் பற்றிச் சொல்லவில்லை. செத்த ஈஸ்டையும் துடுப்பையும் மட்டும் சொன்னேன். அவர் துடுப்பைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். மரத்தின் துளைகளுக்குள் ஈஸ்ட் காய்ந்து உறங்கும், வருடக்கணக்காகக்கூடக் கிடக்கும், இனிப்பான வெதுவெதுப்புப் பட்டால் எழும்பும் என்றார். "நீங்கள் போட்ட பியர் இல்லை அது. அந்தத் துடுப்புக்குச் சொந்தக்காரர் போட்ட பியர்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரிப்பதில் தவறில்லை. அவருக்கு அது விஞ்ஞானம். எனக்கும் விளங்கியது. விளங்கிய பிறகும் அலுமாரிக் கதவைத் திறக்கும்போது ஒரு கணம் நின்றுதான் திறந்தேன்.

போத்தலில் அடைத்தபோது இன்னொரு தவறு செய்தேன். ஏர்லாக் நின்றுவிட்டால் நொதிப்பு முடிந்தது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அப்படி நம்பக்கூடாது. கண்ணாடிக் குழல்போல் ஓர் அளவுகோல் உண்டு. அதை பியரில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். சில நாள் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அளவு மாறாமல் இருந்தால்தான் அடைக்கலாம். நான் காதை மட்டும் நம்பினேன். சீனியும் சேர்த்து அடைத்து, போத்தல்களை அதே அலுமாரியில் அடுக்கினேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் முதல் போத்தலைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தார். மனைவி குடிப்பதில்லை; ஆனால் மேசையில் உட்கார்ந்திருந்தாள். நுரை பொங்கிக் கிளாஸைத் தாண்டி வழிந்தது. நான் வாயில் வைத்துப் பார்த்தேன். நான் அதுவரை குடித்த எந்தப் பியரைப் போலவும் இல்லை. கராம்பு, புளிக்கத் தொடங்கிய பழத்தோல், அடியில் ஈர மரம். அலுமாரியின் மணம்தான் வாய்க்குள் வந்தது.

அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். கிளாஸை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கிறிஸ்துமஸ்," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"என் வாசலில் வைத்துவிட்டுப் போவாரே, அந்தப் போத்தல். இது அதேதான்." கண்ணில் நீர் இருந்தது; முகத்தில் பயமும் இருந்தது. "வேறு யாராலும் இப்படிச் செய்ய முடியாது என்று நான் நினைத்திருந்தேன்."

மனைவி என்னிடம் தமிழில் மெதுவாகக் கேட்டாள்: "என்ன சொல்லுறா?"

சொன்னேன். அவள் என் கிளாஸை எடுத்து மணந்து பார்த்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, பியரில் உதட்டை நனைத்தாள். "சாப்பிட ஒண்டும் இல்லாம இருக்கிறா. வடை சுடுறன்," என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அந்தத் தரையில் நின்றுதான் சுட்டாள்.

வாளியில் நின்றுபோனது போத்தல்களுக்குள் நின்றிருக்கவில்லை. துடுப்பிலிருந்து எழும்பிய அந்தக் காட்டு ஈஸ்ட் கடையில் வாங்குகிற ஈஸ்டைப்போல் பாதியில் களைத்துப்போகாது, மிச்சச் சீனியையெல்லாம் தின்றுகொண்டே இருக்கும் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். ஒரு நாள் பகலில் நான் இல்ஃபோர்டில் ஒரு கடையில் இருந்தபோது மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. அலுமாரிக்குள் துவக்குச் சூடுபோல் வெடித்ததாம். ஒன்று, பிறகு இன்னொன்று. ஊரில் போருக்குள் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அந்தச் சத்தத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவள் சமையலறை மேசைக்குக் கீழே போய்விட்டாள். அங்கே இருந்துகொண்டுதான் பேசினாள்.

"நான் வாறன், வெளியில வராதையும்," என்றேன். அப்போது போனுக்குள் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ எங்கள் முன்கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். தபால் துவாரத்தின் வழியாகப் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் உரத்துக் கேட்டது: "உள்ளே இருக்கிறாயா? பதில் சொல்! பதில் சொல், டார்லிங்!"

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பெண்களும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் தோளைச் சுற்றி அவருடைய கோட் கிடந்தது. அலுமாரிக் கதவுக்குக் கீழாகப் பியர் ஓடி விரிப்பெல்லாம் நனைந்திருந்தது. அதே மணம். நான் தடித்த கையுறை போட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, மிஞ்சிய போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். குளிர் பட்டால் ஈஸ்ட் உறங்கிவிடும். அது என் தொழில் எனக்குச் சொல்லித் தந்தது. அந்தத் துடுப்பை வெளியே கொட்டிலில் கொண்டுபோய் வைத்தேன். மிஞ்சிய பியரை அந்த அம்மாதான் குடித்து முடித்தார், அவசரமில்லாமல்.

பிறகு நான் பல தடவை காய்ச்சிவிட்டேன். பாக்கெட் ஈஸ்ட், பிளாஸ்டிக் கரண்டி, அளவுகோல். நல்ல பியர்தான் வருகிறது, குடிப்பவர்கள் பாராட்டுகிறார்கள். அந்தச் சுவை மறுபடி வரவில்லை. வாளியை மட்டும் இடம் மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லிவிட்டார்.

போன கோடையில் பழைய நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஜெர்மனிக்குப் போனோம். அப்போது வாளியில் பியர் நொதித்துக்கொண்டிருந்தது. போவதற்கு முன் அந்த அம்மாவின் கதவைத் தட்டிச் சொன்னேன்: "நாங்கள் வீட்டில் இருக்கமாட்டோம். சுவரில் சத்தம் கேட்டால் அது பியர் மட்டும்தான்."

"தெரியும்," என்றார். "ஆனாலும் நான் போய்த் தட்டத்தான் செய்வேன்."

எங்கள் அழைப்பு மணியில் காமெரா இருக்கிறது. வாசலுக்கு யாராவது வந்தால் என் போனில் தெரியும். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். நல்ல வெயில். அந்த அம்மா எங்கள் கதவைத் தட்டினார். காத்திருந்தார். பிறகு மெல்லக் குனிந்து தபால் துவாரத்தைத் திறந்து, அதில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு காதை எடுத்துவிட்டு வாயை அங்கே வைத்தார். உதடு அசைவது தெரிந்தது. மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஆரோட கதைக்கிறா?"

"வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு அவவுக்குத் தெரியும்," என்றேன்.

திரையில் அவர் இடையில் நிறுத்தினார், தலையைச் சாய்த்தார், பதில் கேட்பவரைப்போல் தலையை ஆட்டினார். பிறகு மறுபடியும் பேசினார். சத்தத்தைக் கூட்டுவதற்காக நான் விரலை வைத்தேன். மனைவி போனை என் கையிலிருந்து வாங்கித் திரையை அணைத்தாள்.

"விடுங்கோ," என்றாள். "உது எங்களுக்குச் சொல்லுற கதை இல்லை."